புழுங்கலரிசி, குடல், மறதி: சாங்கியில் தொடங்கிய விசாரணை

முதலில் சோறு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தாலே குமட்டியது. பிறகு வாந்தி. சில நாட்களில் கண்மணிகள் தாமாகவே பக்கவாட்டில் துடிக்கத் தொடங்கின. எழுந்து நின்றால் கால் தள்ளாடியது. அடுத்து மனம் பிசகியது. இன்று என்ன கிழமை, இது எந்த இடம், காலையில் வந்து பேசிவிட்டுப் போனவர் யார் என்பதெல்லாம் குழம்பின. நோயாளிகள் தள்ளாத கிழவர்கள் அல்லர். வாலிபம் வடியாத படைவீரர்கள். இடம் சாங்கி. ஆண்டு 1942.

அந்த ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் சுமார் 50,000 பேர் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். அதே 17ஆம் தேதி இந்தியப் படைவீரர்கள் நாற்பதாயிரம் பேருக்கும் மேல், இன்றைய தேக்காவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஃபேரர் பார்க் திடலில் தனியே நிறுத்தப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கிருந்து பிரிகிறது. நாம் சாங்கிக்குப் போனவர்கள் பின்னால் போவோம்.

அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தீட்டிய வெள்ளையரிசி. காய்கறி கொஞ்சம், இறைச்சி பேருக்கு. சில வாரங்களிலேயே கை கால் மரத்துப்போகும் பெரிபெரி நோய் தலைகாட்டியது. அதில் ஒரு பகுதியினருக்குத்தான் மேலே சொன்ன கண் துடிப்பும் மனக்குழப்பமும். முகாம் மருத்துவமனை ராபர்ட்ஸ் படைமுகாம் கட்டடங்களில் நடந்தது. சீதபேதியால் அங்கே கிடந்த ஸ்டான்லி வாரன் என்ற வீரர், கிடைத்த சாயத்தைக் கொண்டு சுவரில் பைபிள் காட்சிகளை வரைந்ததைச் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே மருத்துவமனையில் வேலை பார்த்த இரண்டு இளம் மருத்துவர்களின் பெயர் அந்த அளவுக்குத் தெரியாது. ஒருவர் ஹியூ டி வார்டனர். மற்றவர் நோய்க்கூற்றியல் மருத்துவர் பெர்னார்ட் லெனாக்ஸ்.

கண் துடிப்பு, தள்ளாட்டம், குழப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1881இலேயே எழுதிவைத்திருந்தார். ஐரோப்பாவில் அது குடிகாரர்களின் நோயாகப் பார்க்கப்பட்டது. சாங்கி முகாமில் குடிக்க மது ஏது? குடியே இல்லாத இடத்தில் குடிகாரர்களின் மூளை நோய் வந்தால், காரணம் குடிக்கு அப்பால் எங்கோ இருக்க வேண்டும். தயமின் எனப்படும் பி1 வைட்டமின் மருந்து முகாமில் அரிதாகத்தான் கிடைத்தது. அதை ஊசியாகப் போட்டவர்களில் பலருக்குச் சில நாட்களிலேயே கண் துடிப்பு அடங்கியது, புத்தி தெளிந்தது. கிடைக்காதவர்களில் பலர் இறந்தார்கள். லெனாக்ஸ் சடலங்களைப் பரிசோதித்து மூளைக்குள் இருந்த சேதத்தைக் குறித்துவைத்தார்.

குறிப்புகளைக் காப்பாற்றியதே தனிக்கதை. டி வார்டனர் பின்னர் தாய்லாந்தின் ரயில்பாதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார். ஆவணங்கள் ஜப்பானியரிடம் சிக்கிவிடக் கூடாது என்று, நோயாளிக் குறிப்புகளைத் தகரப் பெட்டியில் அடைத்து மண்ணுக்கடியில் புதைத்துவைத்தார்கள். போர் முடிந்ததும் தோண்டி எடுத்தார்கள். 1947 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில், சிங்கப்பூர்ப் போர்க்கைதி மருத்துவமனையில் கண்ட 52 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. தட்டில் ஒரு சத்து குறைந்தால் மனிதனின் நினைவு குலையும் என்பதற்கு, அதுவரை இல்லாத அளவுக்குத் திடமான சாட்சி அது. டி வார்டனர் பிற்காலத்தில் சிறுநீரக மருத்துவத்தில் பெரும்பெயர் எடுத்து 2013இல் மறைந்தார்.

இன்று ‘குடலுக்கும் டிமென்ஷியாவுக்கும் தொடர்பு’ என்று வாட்ஸ்அப்பில் வந்து விழும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 52 பேர்தான் அளவுகோல். என்ன குறைந்தது, குறைந்ததால் என்ன நடந்தது, திருப்பிக் கொடுத்ததும் என்ன ஆனது என்ற மூன்று கேள்விக்கும் அங்கே பதில் இருந்தது. இன்றைய குடல் ஆராய்ச்சி எத்தனைக்குப் பதில் வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சாங்கியில் கண்டது அல்சைமர் அல்ல. தயமின் குறைவு வேறு, முதுமை மறதி வேறு. ஆனால் விசாரணை முறை ஒன்றுதான்.

தமிழர் தட்டில் இருந்த மருந்து

இந்தக் கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. அதில் தமிழர்கள் நேரடியாக வருகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. சாகிறவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். அதே ஊரில், அதே வெயிலில், அதே போல ஒண்டிக் குடித்தனம் நடத்திய தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் ஏனோ அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் இதைக் கவனித்தார். சீனர் தின்றது சயாமிலிருந்து வந்த பச்சரிசி, நன்றாகத் தீட்டியது. தமிழர் தின்றது புழுங்கலரிசி. 1907இல் அவர் இதைத் தனி நூலாகவே எழுதினார்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். தஞ்சாவூர்க் களத்து மேட்டில் நெல் அவித்த எந்தப் பாட்டிக்கும் தயமினைத் தெரியாது. அவித்தால் குருணை குறையும், அரிசி பூச்சி பிடிக்காமல் நாள்பட நிற்கும் என்று தெரியும். அந்தப் பழக்கத்தோடுதான் கப்பலேறினார்கள்.

பிராடன் பார்த்தது சரி. சொன்ன காரணம் தவறு. பச்சரிசியில் ஏதோ பூஞ்சைக் காளான் நஞ்சு சுரக்கிறது, அதனால்தான் நோய் என்றார் அவர். அது கிருமிகளின் காலம். காசநோய்க்குக் கிருமி, காலராவுக்குக் கிருமி, ஆகவே எதற்கெடுத்தாலும் கிருமியையோ அது கக்கும் நஞ்சையோ தேடுவதுதான் அறிவியல் நாகரிகமாக இருந்தது. ஜாவாவில் கோழிகளை வைத்து ஆராய்ந்து, பின்னால் 1929இல் நோபல் பரிசு பெற்ற கிறிஸ்டியான் எய்க்மனும் முதலில் கிருமியைத்தான் தேடினார்.

கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் 1905 இறுதியில் தொடங்கிய சோதனைதான் விஷயத்தை உடைத்தது. காப்பகத்தில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண் போட்டார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குச் சயாம் பச்சரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. ஓராண்டு. பச்சரிசி தின்ற 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி தின்ற 123 பேரில் இரண்டே பேருக்கு நோய். அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். மருத்துவப் பாடநூல்கள் இதைப் பாராட்டி எழுதும். எனக்கு அந்த 18 பேர் உறுத்துகிறார்கள். மனநோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

பின்னர் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் ஜாவாவிலிருந்து வந்த சாலைத் தொழிலாளர்களிடம் இதையே செய்துபார்த்து, அரிசியில் நஞ்சு எதுவும் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு போகிற ஏதோ ஒன்றுதான் குறைகிறது என்று காட்டினார்கள். அந்தச் சத்தின் பெயர் தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. அன்று எல்லாப் பழியும் கிருமி மேல் விழுந்தது. இன்று எல்லாப் புகழும் குடல் பாக்டீரியாவுக்குப் போகிறது. மனச்சோர்வா, தூக்கமின்மையா, மறதியா, எதற்கும் குடலைக் கவனி என்கிறார்கள். மருந்துக்கடைகளில் ‘கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா’ குப்பிகள் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கின்றன, விலை ஒன்றும் மலிவில்லை. இந்த ஆர்வத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடிப்படையில் ஒரு பகுதி சிங்கப்பூரிலேயே போடப்பட்டது.

நாம் தின்பதில் நார்ச்சத்தைச் செரிக்கும் திறன் நமக்குக் கிடையாது. அது பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று பியூட்டிரேட், அசிட்டேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை விடுகின்றன. குடற்சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். சுவர் திடமாக இருந்தால் பாக்டீரியாக்களின் உடற்துணுக்குகள் ரத்தத்தில் கசிவது குறையும். கசிந்தால் உடலெங்கும் மெல்லிய அழற்சி நீடிக்கும். அந்த அழற்சி மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் காவல் செல்களையும் தொடுகிறது என்பது கருதுகோள்.

ஸ்வென் பெட்டர்சன் என்ற ஆய்வாளர் ஸ்வீடனின் கரோலின்ஸ்காவிலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் வேலை செய்தவர். அவருடைய குழு 2014இல், பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளில் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு ஒழுகுவதைக் கண்டது. பாக்டீரியாவைக் கொடுத்ததும் தடுப்பு இறுகியது. வெறும் பியூட்டிரேட் கொடுத்தபோதும் இறுகியது. 2019இல் இன்னொரு சோதனை: 24 மாத வயதுக் கிழட்டு எலிகளின் குடல் பாக்டீரியாக்களை ஆறு வார இளம் எலிகளுக்கு மாற்றினார்கள். இளசுகள் சோர்ந்துபோகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் நினைவுக்கு உரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் புது நரம்புச் செல்கள் கூடியிருந்தன. பியூட்டிரேட் உண்டாக்கும் பாக்டீரியாக்களும் பெருகியிருந்தன. முதுமைக் குடல் என்றாலே கெட்ட குடல் என்ற எளிய கணக்கு அங்கேயே உடைந்தது.

எலி எலிதான். மனிதருக்கு வருவோம். சிங்கப்பூரின் மரபணுத்தொகுதி ஆய்வுக் கழகத்தில் நிரஞ்சன் நாகராஜனின் குழு, 71 முதல் 100 வயது வரையிலான 234 சிங்கப்பூரர்களின் குடல் பாக்டீரியாக்களை மரபணு மூலம் படித்து 2024இல் வெளியிட்டது. முதியோர் இல்லத்து நோயாளிகள் அல்லர் இவர்கள். சமூகத்தில், தத்தம் வீட்டில் வாழ்கிறவர்கள். வயது கூடக்கூட, பியூட்டிரேட் தயாரிப்பதில் பேர்போன ஃபீக்கலிபாக்டீரியம் போன்ற இனங்கள் குறைந்துபோயின. ஆனால் வேறு சில இனங்கள், அலிஸ்டிபீஸ், பாக்டீராய்டிஸ் வகைகள், கூடி அந்த வேலையை ஏற்றுக்கொண்டது போலத் தெரிந்தது. மேற்கத்திய ஆய்வுகளில் வந்த ‘நல்ல பாக்டீரியா’ பட்டியலை அப்படியே இங்கே ஒட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

மறதி நோயோடு நேரே முடிச்சுப்போடும் மனித ஆய்வு ஒன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து 2023இல் வந்தது. நினைவில் எந்தக் குறையும் இல்லாத 164 பேர். அவர்களில் 49 பேருக்கு மட்டும் அல்சைமரின் ஆரம்பத் தடயங்கள் மூளையில் தெரிந்தன, அறிகுறி இன்னும் வரவில்லை. இந்த 49 பேரின் குடல் பாக்டீரியாக் கூட்டம் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருந்தது, இரு சாராரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சாப்பிட்டு வந்தார்கள் என்றபோதும். அதே ஆண்டில் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளின் குடல் பாக்டீரியாக்களை இளம் எலிகளுக்கு ஏற்றினார்கள். எலிகளின் நினைவுத்திறன் சரிந்தது.

ஆக, என்ன மாறுகிறது என்ற முதல் கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு. மாறுவதால்தான் மறதி வருகிறதா, மறதி வரத் தொடங்கியதால் குடல் மாறுகிறதா என்ற இரண்டாவது கேள்வி எலிக்கூண்டைத் தாண்டவில்லை. மறதி வந்தவர் சாப்பிட மறக்கிறார், மெல்லச் சிரமப்படுகிறார், நடமாட்டம் குறைகிறது, மாத்திரை கூடுகிறது. இவை ஒவ்வொன்றும் குடலை மாற்றும்.

மூன்றாவது கேள்வி, திருப்பிக் கொடுத்தால் சரியாகிறதா என்பது. இதற்குச் சீனாவில் ஒரு துணிந்த முயற்சி நடந்தது. கடற்பாசியிலிருந்து எடுத்த ஜிவி-971 என்ற மருந்து குடல் பாக்டீரியாக்களைச் சீராக்கி அல்சைமரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, 2019 நவம்பரில் சீன அரசு நிபந்தனையோடு அனுமதித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பல நாடுகளில் தொடங்கிய பெரிய சோதனையை 2022இல் அந்த நிறுவனமே பாதியில் நிறுத்தியது. டி வார்டனரின் தயமின் ஊசிக்கு இணையான ஒன்று குடல் ஆராய்ச்சியின் கையில் இன்னும் இல்லை. குப்பிகளை விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கறி, காளான், தேநீர்

சிங்கப்பூர்த் தமிழருக்கு மிகப் பிடித்த ஆய்வு எதுவென்றால் 2006இல் வந்த கறி ஆய்வுதான். தேசியப் பல்கலைக்கழகத்தின் இங் ஸே பின் குழு, 60 முதல் 93 வயது வரையிலான 1,010 சிங்கப்பூரர்களிடம் எவ்வளவு அடிக்கடி கறி சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டது. எப்போதாவது சாப்பிடுகிறவர்களும் அடிக்கடி சாப்பிடுகிறவர்களும், சாப்பிடவே சாப்பிடாதவர்களையும் மிக அரிதாகச் சாப்பிடுகிறவர்களையும்விட நினைவுச் சோதனையில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். மஞ்சள்தான் காரணம் என்று அன்றிலிருந்து இன்றுவரை பொங்கல் மலர்களில் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மஞ்சளின் குர்க்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. எண்பது வயதில் காரசாரமாகக் கறி தின்ன முடிகிறவருக்குப் பல்லும் பசியும் கூடச் சாப்பிட ஆளும் இருக்கிறார்கள் என்றும் இதே புள்ளிவிவரத்தைப் படிக்கலாம்.

2019இல் ஃபெங் லெய் குழுவின் காளான் ஆய்வு. 60 வயது தாண்டிய 663 பேர். வாரத்தில் இரண்டு பரிமாறலுக்கு மேல், அதாவது சமைத்த காளான் சுமார் 300 கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு இருக்கும் வாய்ப்பு பாதியாகத் தெரிந்தது. இதுவும் ‘கூடவே காணப்பட்டது’ என்ற வகைதான். அதே குழு தேநீருக்கும் நல்ல சேதி சொன்னது. அவர்கள் கணக்கெடுத்த தேநீரையும், கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய நம் ‘தே தாரே’யையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வித்தாளை விட்டு, ஆட்களைக் குழு பிரித்து உணவைக் கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகிறது? ‘மைண்ட்’ என்ற உணவுமுறை கீரை, பருப்பு, முழுத்தானியம், பெர்ரி, மீன் என்று மூளைக்காகவே வகுக்கப்பட்டது. அமெரிக்காவில் 604 பேரை மூன்று ஆண்டுகள் வைத்துச் சோதித்தார்கள். 2023இல் முடிவு: சாதாரண உணவைக் கொஞ்சம் அளவு குறைத்துச் சாப்பிட்ட மற்றக் குழுவுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. தட்டை மட்டும் மாற்றி மூன்று ஆண்டில் மூளையைக் காத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

ஆனால் உணவோடு உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தம், சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியபோது பலன் தெரிந்தது. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் இரண்டு ஆண்டு நடந்த ‘ஃபிங்கர்’ சோதனை 2015இல் இதைக் காட்டியது. 2025இல் அமெரிக்காவில் 2,111 பேரிடம் நடந்த சோதனையிலும், கட்டுக்கோப்பாக நடத்தப்பட்ட குழு மேலாக வந்தது. சிங்கப்பூரில் கிறிஸ்டஃபர் சென் தலைமையில் ‘சிங்கர்’ என்ற பெயரில் சுமார் 1,200 பேரைக் கொண்டு இதன் உள்ளூர் வடிவம் நடக்கிறது. அதற்கு முந்திய முன்னோட்டத்தில், பின்லாந்து முறையை அப்படியே கொடுப்பதையும் இந்த ஊர் நாக்குக்கும் பழக்கத்துக்கும் மாற்றிக் கொடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நல்ல யோசனை. கம்பு ரொட்டியும் சால்மன் மீனும் தின்னச் சொன்னால் தேக்காத் தாத்தா எத்தனை நாள் கேட்பார்?

தேக்காவில் இன்று

பஃபலோ சாலையோர மளிகைக்கடைகளில் பொன்னிப் புழுங்கல், இட்லி அரிசி, கேழ்வரகு மாவு, கொள்ளு, தட்டைப்பயறு, கறிவேப்பிலைக் கட்டு, முருங்கைக்கீரை எல்லாம் கிடைக்கின்றன. சிங்கப்பூரில் நார்ச்சத்துக்கு இதைவிடச் சிறந்த தெரு இல்லை. நாலு அடி தள்ளித் தேக்கா உணவங்காடி நிலையத்துக்குள் போனால் அதே சமூகம் மைதா பரோட்டாவுக்கும் நெய்ச்சோறு பிரியாணிக்கும் வரிசை பிடித்து நிற்கிறது. ருசியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பிராடன் வியந்து எழுதிய அந்தத் தமிழ்த் தட்டு இதுவல்ல. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகம் என்பது ஒவ்வொரு சுகாதாரக் கணக்கெடுப்பிலும் வருகிற செய்தி.

நீரிழிவை ஏன் இங்கே இழுக்கிறேன்? 2024இல் ‘லான்செட்’ ஆணையம், மாற்றினால் டிமென்ஷியாவைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ உதவக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகின் 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ முடியலாம் என்பது அதன் மதிப்பீடு. அந்தப் பட்டியலில் குடல் பாக்டீரியா இல்லை. உணவுகூடத் தனி வரியாக இல்லை. நீரிழிவு, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உடல் பருமன் இருக்கின்றன. இந்த நான்கும் தட்டு வழியாகத்தான் பெரும்பாலும் வீட்டுக்குள் வருகின்றன. ஆசியர்களின் மறதி நோயில் மூளையின் சிறு ரத்தக்குழாய்ச் சேதத்துக்குப் பெரும்பங்கு இருப்பதை நாகேந்திரன் கந்தையா நடத்தும் டிமென்ஷியா ஆய்வு நிலையமும் வலியுறுத்தி வருகிறது. பாக்டீரியா வழி இன்னும் வழக்காடுமன்றத்தில் இருக்கிறது. ரத்தக்குழாய் வழிக்குத் தீர்ப்பே வந்துவிட்டது.

பழைய சோற்றைக் கேட்காமல் விட மாட்டீர்கள். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது பெருங்குடல் பாக்டீரியாக்களுக்குத் தீனி. இரவு நீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவமனை குடல் அழற்சி நோயாளிகளிடம் இதை முறையாக ஆராய எடுத்துக்கொண்டது. மறதிக்குப் பழைய சோறு மருந்து என்று அங்கேயும் யாரும் சொல்லவில்லை. இட்லி மாவு நன்றாகவே புளிக்கிறது, ஆனால் ஆவியில் வெந்ததும் அதிலுள்ள பாக்டீரியாக்கள் செத்துப்போகும். உயிரோடு உள்ளே போவது தயிரிலும் மோரிலும் பழைய சோற்றிலும் இருப்பவைதான். இட்லியின் பெருமை உளுந்திலும் புழுங்கலரிசியிலும் இருக்கிறது, கூடவே ஊற்றும் சாம்பாரின் பருப்பிலும் காயிலும்.

என் கணிப்பு இது. அடுத்த பத்து ஆண்டுகளில் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான பாதைகளில் ஒன்றிரண்டு உறுதிப்படும், பல கைவிடப்படும். உறுதிப்படுவது எதுவானாலும் அது நார்ச்சத்துக்கு எதிராகப் போகாது. ஆகவே காத்திருக்கும் நேரத்தில் கொள்ளு, கீரை, பயறு, புழுங்கலரிசி என்று தின்பவருக்கு நட்டமில்லை. பாக்டீரியாக் குப்பிக்கு மாதம் ஐம்பது, அறுபது வெள்ளி கொடுப்பவருக்கு உண்டு. சோற்றுக்கு முன் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் சோற்றுக்குப் போனால் ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது என்று சிங்கப்பூர் ஊட்டச்சத்து ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். அதற்குச் செலவே இல்லை. ‘தே’ கேட்கும்போது கோசோங் என்று ஒரு சொல் சேர்த்தால் சர்க்கரையும் போயிற்று.

சிங்கப்பூரில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு டிமென்ஷியா என்று மனநலக் கழகத்தின் 2013 கணக்கு சொன்னது. 2023 கணக்கில் அது 8.8ஆகக் குறைந்திருக்கிறது. விழுக்காடு குறைந்தாலும் மூத்தோரின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதால், வீடுகளில் சுமை குறையாது.

கடைசியாக, சாங்கியில் நடந்தது இன்று நம் வீட்டிலும் நடக்கக்கூடிய ஓர் இடம் உண்டு. பி12 வைட்டமின். இது குறைந்தாலும் நினைவு தடுமாறும், கால் மரக்கும், நடை தள்ளாடும். நேரத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தால் பலருக்குத் தேறும். நாளைக் கடத்தினால் சேதம் நிலைத்துவிடும். பி12 செடிகொடிகளில் கிடைக்காது. மீன், முட்டை, இறைச்சி, பாலில்தான் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் குறையும். நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கும் குறையும். வயது ஏற ஏற வயிற்று அமிலம் சுருங்கி, தின்றதும் உடலில் சேராமல் போகும். மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் வீடுகள் தமிழரிடையே ஏராளம். உங்கள் அம்மாவோ அப்பாவோ இந்த வகையில் வந்து, அண்மைக் காலமாகப் பேச்சிலோ நினைவிலோ தடுமாறினால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கையில் பி12ஐயும் தைராய்டையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.